இரு தடுப்பூசிகளும் ஒப்பீட்டின் இலக்கணமும்

புதுதில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட், காய்கறிக்கும் மீனுக்கும் மசாலாப் பொருள்களுக்கும் தென்னிந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக நாடிவரும் அங்காடியாகும். அங்கிருந்து அரவிந்தர் சாலையில் சற்றுத் தெற்கே சென்றால் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், அதன் எதிரே சப்தர்ஜங் மருத்துவமனையும் உள்ளன. 2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசித் திட்டம் நாடெங்கும் தொடங்கியபோது, இவை போன்ற மத்திய அரசு மருத்துவமனைகளில் கோவாக்சினும், தலைநகரின் பிற மையங்களில் கோவிஷீல்டும் அளிக்கப்பட்டன. அருகருகே இரு வேறு தடுப்பூசிகள் கிடைத்ததால், 'எது சிறந்தது?' என்ற கேள்வி எழுந்தது இயல்பே. விரும்பிய ஊசிக்காகக் காத்திருப்பது வீண் பிடிவாதம் மட்டுமன்று. ஏப்ரலில் டெல்டா அலை தாக்கியபோது ஒவ்வொரு வாரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடியதாயிற்று.

இருவேறு வழிகள்

உடலின் எதிர்ப்பாற்றலுக்கு இரு கைகள் உண்டு. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் பொருள்கள் வைரஸை அணுக்களுக்குள் நுழையவிடாமல் தடுக்கின்றன. டி அணுக்களோ, வைரஸ் நுழைந்துவிட்ட அணுக்களை இனங்கண்டு அழிக்கின்றன. முன்னவை தொற்றைத் தடுப்பதிலும், பின்னவை நோய் முற்றாமல் காப்பதிலும் சிறப்பிடம் பெறுகின்றன.

புனே சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டு, சிம்பன்சிக் குரங்கின் தீங்கற்ற அடினோ வைரஸை ஊர்தியாகக் கொண்டது. கொரோனா வைரஸின் மேற்பரப்பிலுள்ள முள் புரதத்திற்கான மரபுக் குறிப்பை அது நம் அணுக்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. அணுக்களே அப்புரதத்தை உருவாக்குகின்றன. ஐதராபாத் பாரத் பயோடெக் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுடன் இணைந்து உருவாக்கிய கோவாக்சினோ, இரசாயன முறையில் செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸைக் கொண்டது. ஆகவே முள் புரதத்துடன் வைரஸின் பிற புரதங்களையும் உடல் அறிந்துகொள்கிறது.

எண்கள் கூறுவது என்ன?

2021-இல் 13 மாநிலங்களைச் சார்ந்த 515 சுகாதாரப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. இரு தவணைகளுக்குப்பின் முள் புரதத்திற்கு எதிரான எதிர்ப்புப் பொருள், கோவிஷீல்டு பெற்றோரில் 98.1 சதவீதத்தினரிடமும், கோவாக்சின் பெற்றோரில் 80 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. 'ஒன்று வென்றது, மற்றது தோற்றது' என்று இதற்குப் பொருள் கொள்வது சரியாகாது. முதலாவதாக, 515 பேரில் கோவாக்சின் பெற்றோர் 90 பேரே. இரண்டாவதாக, யாருக்கு எந்த ஊசி என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. மூன்றாவதாக, அளக்கப்பட்டது ஒரு கை மட்டுமே; டி அணுக்கள் அளக்கப்படவில்லை.

பாதுகாப்பை நேரடியாக அளந்த ஆய்வுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. ஏறத்தாழ 25,800 பேர் பங்குகொண்ட மூன்றாம் கட்டச் சோதனையில் கோவாக்சினின் செயல்திறன் 77.8 சதவீதமாக இருந்தது. அதே ஊசி, டெல்டா அலையின் உச்சத்தில், மேற்கூறிய விஞ்ஞானக் கழகத்தின் ஊழியர்களிடையே அறிகுறியுள்ள நோயைத் தடுத்ததில் 50 சதவீதமே காட்டியது. ஊசி மாறவில்லை, வைரஸின் வகை மாறியது, நோயாளிகளுடன் நாள்தோறும் நெருங்கிப் பழகும் ஊழியர்களின் ஆபத்தும் மிகுந்திருந்தது. அதே காலத்தில் பரீதாபாத்தில் கோவிஷீல்டு 63 சதவீதப் பாதுகாப்பு அளித்ததாக அறியப்பட்டது. ஆனால் ஆய்வுக்குள்ளானோர் வேறு, சூழலும் வேறு. ஆகவே 50-ஐயும் 63-ஐயும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

வேலூர் தரும் சான்று

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பணியாளர்களிடையே நிகழ்ந்த ஆய்வு இன்னொரு உண்மையைத் தெளிவாக்குகிறது. அங்கு ஊசி பெற்றோரில் பெரும்பாலோர் கோவிஷீல்டு பெற்றவர்கள். இரு தவணைகளும் பெற்றோரிடையே தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு 65 சதவீதம். மருத்துவமனையில் சேர்வதற்கு எதிராக 77. பிராண வாயு தேவைப்படும் நிலைக்கு எதிராக 92. தீவிர சிகிச்சைக்கு எதிராக 94. நோயின் கடுமை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறிற்று. டெல்டா வகை எதிர்ப்புப் பொருள்களை ஓரளவு ஏமாற்றினாலும், டி அணுக்களின் விழிப்பு பெரிதும் குறையவில்லை என்று பரீதாபாத் ஆய்வும் காட்டிற்று. எதிர்ப்புப் பொருளின் அளவு மட்டுமே தடுப்பூசியின் முழு மதிப்பாகாது என்பதற்கு இவை சான்று.

தவறிலும் ஒரு பாடம்

உத்தரப் பிரதேசத்தின் சித்தார்த்நகர் மாவட்டத்தில் 2021 மே மாதம் முதல் தவணை கோவிஷீல்டு பெற்ற சிலருக்கு இரண்டாம் தவணையாகத் தவறுதலாகக் கோவாக்சின் போடப்பட்டது. அவர்களுள் 18 பேரை, ஒரே வகை ஊசியை இரு முறை பெற்றோருடன் ஆராய்ச்சிக் குழுவினர் ஒப்பிட்டனர். கலப்பினால் தீங்கு தென்படவில்லை; எதிர்ப்பாற்றலும் மேம்பட்டிருந்தது. எண்ணிக்கை சிறிதாயினும், பின்னாளைய ஆய்வுகளுக்கு இது வழிகாட்டிற்று.

நிருவாகத்தின் கடமை

பெங்களூரிலும் புனேயிலும் 691 பேரிடம் இரு ஊசிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட விரிவான ஆய்வு, கோவிஷீல்டு தூண்டிய எதிர்ப்பாற்றல் அளவிலும் பரப்பிலும் மிகுந்தது என்று கண்டது. அது ஆய்விதழில் வெளிவந்தது 2024-இல்தான். 2022 ஜூலைக்குள் 200 கோடித் தவணைகள் போடப்பட்டுவிட்டன என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். மக்களின் கேள்வி 2021-இல் எழுந்தது. முறையான விடை காலங்கடந்து வந்தது.

ஆகவே வருங்காலக் கொள்ளைநோயின்போது, தடுப்பூசித் திட்டம் தொடங்கும் நாளிலேயே ஒப்பீட்டு ஆய்வும் தொடங்குதல் இன்றியமையாதது. ஒரே வகை மக்களை, ஒரே காலத்தில், ஒரே அளவுகோலால், எதிர்ப்பாற்றலின் இரு கைகளையும் அளந்து ஒப்பிட வேண்டும். விடை கிட்டும்வரை, கடும் நோயைத் தடுக்கும் எந்த ஊசியும் காலத்தில் கிடைப்பதே நன்று என்பதை மக்களுக்கு எளிய மொழியில் எடுத்துரைக்க வேண்டும். அங்காடிக்கு வருவோரின் ஐயத்திற்கு, அருகிலுள்ள ஆய்வுக்கூடம் உரிய காலத்தில் விடையளிக்குமாயின், அறிவியலின் பயன் மக்களைச் சென்றடையும்.