15 வயதில் தடை, 50 வயதில் தகுதி: இடையில் அழியும் அசல் கார்கள்

புதுதில்லி: நாட்டின் முதல் மாருதி 800 கார் 1983 டிசம்பர் 14 அன்று ஹர்பால் சிங் என்ற தில்லிவாசியிடம் ஒப்படைக்கப்பட்டது. குலுக்கலில் தேர்வான அவரிடம் சாவியை வழங்கியவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. டிஐஏ 6479 என்ற பதிவெண் கொண்ட அந்தக் காரை ஹர்பால் சிங் கடைசிவரை விற்கவில்லை. 2010-ல் அவர் மறைந்த பின்னர், கிரீன் பார்க் பகுதியில் அவரது வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து கார் துருவேறியது. முடிவில் மாருதி சுசூகி நிறுவனமே அதை எடுத்துச் சென்று, அசல் பாகங்களைக் கொண்டு செப்பனிட்டு, 2022-ல் தனது தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது.

புதுப்பொலிவு பெற்ற அந்தக் காரை தில்லிச் சாலையில் ஓட்டிச் செல்ல முடியாது. தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டுகளைக் கடந்த எந்தப் பெட்ரோல் வாகனமும் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு 2015 ஏப்ரலில் தடை வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மறுபுறம், 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை 'பழம்பெரும் வாகனம்' எனத் தனியாகப் பதிவு செய்துகொள்ள மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் விதி வகுத்தது. முதல் மாருதிக்கு அந்தத் தகுதி கிடைக்க 2033 டிசம்பர் வரை பொறுத்திருக்க வேண்டும்.

இடைப்பட்ட 35 ஆண்டுகளில் ஒரு வாகனம் என்ன ஆக வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை. நடைமுறையில் பதில் இருக்கிறது: அது மாயாபுரிக்குப் போகும். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படித் தில்லிக்கு மாயாபுரி. அங்கே கார் காராக இருப்பதில்லை. கதவு, கியர் பெட்டி, கண்ணாடி, இரும்பு எனப் பிரிந்துவிடுகிறது.

அசல் என்றால் எது?

2021-ஆம் ஆண்டு விதி வயதை மட்டும் கேட்கவில்லை. வாகனம் அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்கிறது. நியாயமான நிபந்தனைதான். ஆனால் ஒரு காரை அசலாக வைத்திருக்க அசல் பாகம் வேண்டும். அது கிடைப்பது எவ்வளவு அரிது என்பதற்கு முதல் மாருதியே சாட்சி.

25 லட்சத்துக்கும் மேல் விற்ற காருக்குப் பாகமா கிடைக்காது என்று தோன்றலாம். 1983-ல் வந்த மாருதி, சுசூகியின் 'எஸ்எஸ் 80' மாடலை அடிப்படையாகக் கொண்டது. தொடக்கத்தில் பாகங்கள் ஜப்பானில் இருந்து வந்து குர்காவ்னில் பொருத்தப்பட்டன. 1986-ல் அந்த உடற்கூடு கைவிடப்பட்டு முற்றிலும் புதிய வடிவம் வந்தது. 2014 ஜனவரி வரை தயாரானதும், பெரும்பாலோர் நினைவில் நிற்பதும் அந்த இரண்டாவது வடிவம்தான். 796 சிசி என்ஜின் தொடர்ந்தாலும் கதவு, முகப்பு விளக்கு, டேஷ்போர்டு எல்லாம் வேறு. ஆக, முதல் மாடலின் பாகங்கள் மூன்றே ஆண்டு தயாரிப்பில் இருந்தவை. அவற்றை அணிந்திருந்த கார்களில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது.

ஜப்பானியர் செய்தது

ஜப்பானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தன. யமஹாவுடன் சேர்ந்து டொயோட்டா 1967 முதல் 1970 வரை தயாரித்த '2000 ஜிடி' மொத்தமே சுமார் 350 கார்கள். 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒரு 2000 ஜிடி 10 லட்சம் டாலரைக் கடந்து விலைபோனது. நிசானின் 'ஸ்கைலைன் ஜிடி-ஆர்' 1969-ல் வந்தது. அதன் இரண்டாம் தலைமுறை 1973-ல் வெளியாகி, 200-க்கும் குறைவான எண்ணிக்கையோடு நின்றுபோனது.

எண்ணிக்கை குறைந்து விலை ஏறினால் போலி வரும். ஸ்கைலைன் விஷயத்தில் போலிக்கு வழி மிகச் சுலபம். அதே உடற்கூட்டில் சாதாரண 'ஸ்கைலைன் 2000 ஜிடி' காரும் ஏராளமாக விற்பனையானது. அதன் பின்சக்கர வளைவை வெட்டி, பட்டயத்தை மாற்றி ஒட்டினால் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு ஜிடி-ஆர். அதனால் விவரமறிந்தவர்கள் முதலில் வெளித்தோற்றத்தைப் பார்ப்பதில்லை. என்ஜின் அறையில் பதிந்துள்ள சேசிஸ் எண்ணைப் படிக்கிறார்கள். இரண்டு கதவு ஜிடி-ஆர் என்றால் 'கேபிஜிசி 10' என்று தொடங்க வேண்டும். வெறும் 'கேஜிசி 10' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்து என்ஜின். ஜிடி-ஆருக்கு பந்தயக் கார் பரம்பரையில் வந்த, 24 வால்வுகள் கொண்ட 'எஸ் 20' என்ஜின். சாதாரண வண்டிக்கு 'எல் 20'. மூடியைத் திறந்தால் இரண்டுக்கும் இடையே குழப்பத்துக்கு இடமில்லை.

சோதனை இதோடு நிற்பதில்லை. அந்தக் காலத்துச் சக்கரத்திலும் கண்ணாடியிலும் தயாரிப்பு காலத்தைக் குறிக்கும் குறியீடு உண்டு. 1970 மார்ச்சில் தயாரான காரில் 1972-ஆம் ஆண்டின் கண்ணாடி இருந்தால், எப்போதோ விபத்தில் உடைந்து மாற்றப்பட்டது என்று பொருள். அது குற்றமல்ல, ஆனால் 'தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே' என்று விற்பவர் சொன்னால், பொய். நிசானின் இன்னொரு புகழ்பெற்ற கார் டாட்சன் 240 இசட். அதில் உற்பத்தியாளரே என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒரே தகட்டில் பொறித்து வைத்தார். என்ஜினை மாற்றினால் தகடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஜப்பானில் பாகங்களைத் தந்தவர்கள் உற்பத்தியாளர்களே. ஹோண்டா தனது என்எஸ்எக்ஸ் காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 1993-லேயே, கார் வெளிவந்த மூன்றாம் ஆண்டில் தொடங்கியது. நிசானின் அமெரிக்கக் கிளை 1990-களின் பிற்பகுதியில் பழைய 240 இசட் கார்களை விலைக்கு வாங்கி, புதுக்கி, தன் முகவர்கள் வழியே விற்றது. சில டஜன் கார்களோடு திட்டம் நின்றது. 2017 டிசம்பரில் மஸ்டா, முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு இத்தகைய பணியைத் தொடங்கியது. கூரைத் துணி, மரத்தாலான ஸ்டியரிங், அந்நாளைய அளவிலான டயர் எல்லாம் மீண்டும் தயாரிக்கப்பட்டன. பட்டறையின் பணித்தரத்துக்கு டியூவ் ரைன்லாந்து என்ற சான்றளிப்பு நிறுவனத்தின் சான்றும் பெறப்பட்டது. அதே காலத்தில் நிசான், 1989-ல் வந்த ஆர் 32 ஜிடி-ஆர் காரின் பாகங்களை மறுபடி வார்க்கத் தொடங்கியது. 2020-ல் டொயோட்டா, 2000 ஜிடி காரின் கியர் பெட்டிப் பாகங்களை மறுதயாரிப்புச் செய்தது. அந்தக் காரை வைத்திருப்பவருக்கு மட்டுமே விற்பனை, அதிலும் கட்டுப்பாடு என்று நிபந்தனை விதித்தது. வாங்கிப் பதுக்கி விற்பவர்களைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு.

இப்படிப் புதிதாக வார்த்த பாகம் அசலா, நகலா என்பதில் சேகரிப்பாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1969-ல் தயாராகி, பிரிக்கப்படாத பெட்டியில் தூங்கிய பாகத்துக்கே மதிப்பு அதிகம். ஆனால் அரை நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்த ரப்பர் வெடித்துப்போகும். அதைப் பொருத்தி ஓட்டுவது பிரேக்கை நம்பாமல் மலையிறங்குவதற்குச் சமம். பழம்பெரும் வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு வெளியிட்ட டூரின் சாசனம், செய்த மாற்றங்களை ஆவணப்படுத்துமாறு வலியுறுத்துகிறது. எது மாற்றப்பட்டது என்று எழுதிவைத்துவிட்டால், வாங்குபவர் ஏமாற வேண்டியதில்லை.

ஜப்பான் அரசு பழைய கார்களை அள்ளி அணைக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே 13 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் காருக்கு வாகன வரி கூடுதல். எடை வரியும் உயர்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கடுமையான சோதனையில் தேற வேண்டும். இத்தனைக்கும் பிறகு, தேறிய கார் ஓடலாம். பழைய கார் ஓடுவதால்தான் பாகத்துக்குச் சந்தை இருக்கிறது. சந்தை இருப்பதால்தான் நிறுவனம் அச்சை மீண்டும் வார்க்கிறது. அமெரிக்கச் சட்டம் 25 ஆண்டுகளைக் கடந்த வெளிநாட்டுக் கார்களுக்கு இறக்குமதி விலக்கு அளிப்பதால், 2014 முதல் ஆர் 32 கார்கள் கப்பலேறத் தொடங்கி, அந்தச் சந்தை இன்னும் பெரிதானது.

இந்தியக் கலப்பு

இந்தியாவுக்கு இந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் வருவது அரிது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதான கார் இறக்குமதிக்கு, பழம்பெரும் வாகனங்களுக்கான தனி விதி நீங்கலாக, இடமில்லை. இங்கே ஜப்பான் வேறு வழியில் நுழைந்தது. 1985-ல் வந்த பிரீமியர் 118 என்இ காரின் உடல் இத்தாலியின் ஃபியட் 124. இதயம் நிசானின் என்ஜின். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவுக்கு இசுசு என்ஜின் வந்தது. வெளிநாட்டு நிபுணர் யாரேனும் 118 என்இ காரின் மூடியைத் திறந்தால் என்ஜின் மாற்றப்பட்டதாகச் சொல்லிவிடக் கூடும். ஆனால் இந்தியாவில் அதுதான் அசல்.

உண்மையான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் வாகனம் இங்கே நான்கு சக்கரத்தில் வரவில்லை, இரண்டில் வந்தது. ஃபரிதாபாத்தைத் தளமாகக் கொண்ட எஸ்கார்ட்ஸ் நிறுவனம், யமஹா ஆர்டி 350 மோட்டார் சைக்கிளை 1983 முதல் 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் தயாரித்தது. 347 சிசி இரட்டை சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்தது 30.5 குதிரைத்திறன் கொண்ட 'ஹை டார்க்'. பின்னர் பெட்ரோல் சிக்கனத்துக்காக 27 ஆகக் குறைக்கப்பட்ட 'லோ டார்க்'. எரிபொருளை அள்ளிக் குடிக்கிறது என்று அன்று புறக்கணிக்கப்பட்ட இந்த வண்டி, இன்று விலையேறிப் போகிறது. ஜப்பானில் தயாரான பாகங்களுடன் வந்த தொடக்கக்கால வண்டிக்கே மதிப்பு கூடுதல் என்பதால், இங்கும் எண்களைப் படித்துப் பார்க்காமல் விவரமறிந்தவர் பணத்தை எடுப்பதில்லை.

அதோடு, இந்தியப் பழைய வண்டிகளை அசலாக விடாமல் செய்தவற்றில் சிக்கனத்துக்கும் பங்குண்டு. டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் அம்பாசிடர்களுக்கு டீசல் என்ஜின் ஏறியது. பின்னர் தில்லியில் மாருதிகளுக்கு சிஎன்ஜி சிலிண்டர் ஏறியது. பதிவுப் புத்தகத்தில் முறையாக எழுதி மாற்றிய நேர்மையாளர்களும், 2021 விதியின்படி 'பெரிய மாற்றம்' செய்தவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

காற்று ஒருபுறம்

தில்லியின் காற்று நஞ்சாகிக் கிடக்கும்போது பழைய காருக்கு வக்காலத்தா என்ற கேள்வி நியாயமானது. தில்லி உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிப் புகைவடிகட்டி கட்டாயமானதே 1995-ல்தான். அதற்கு முந்தைய கார் ஒவ்வொன்றும் இன்றைய காரைவிட மிக அதிகமாக மாசு உமிழும். இதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தில்லியில் காலாவதி ஆனவை என்று அரசு கணக்கிடும் வாகனங்கள் 60 லட்சத்துக்கும் மேல். அசல் நிலையில் பாதுகாத்து மாதம் ஒருமுறை வெளியே எடுக்கப்படும் வண்டிகள் அதில் துளியிலும் துளி. சர்வதேசக் கூட்டமைப்பின் வரையறையில் 30 ஆண்டு கடந்து, அன்றாடப் பயணத்துக்குப் பயன்படாத வாகனமே பழம்பெரும் வாகனம். ஜெர்மனி 30 ஆண்டு கடந்த, அசல் நிலையில் உள்ள கார்களுக்குத் தனிப் பதிவெண் தந்து, நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் விலக்களிக்கிறது. இந்திய விதியும் பழம்பெரும் வாகனத்தை அன்றாடம் ஓட்ட அனுமதிப்பதில்லை. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது வயது 50-ஆகத்தான் இருக்க வேண்டுமா என்பதை அமைச்சகம் விளக்க வேண்டும்.

2025 ஜூலை முதல் தேதி தில்லி பெட்ரோல் நிலையங்களில் காலாவதி வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர் மீது நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பு பிஎஸ் 4 மற்றும் அதற்குப் பிந்தைய தரத்து வாகனங்களுக்கு மட்டுமே என்று திருத்தியது. நன்கு பராமரித்த 2010-ஆம் ஆண்டுக் கார் தப்பியது. 1985-ஆம் ஆண்டுக் கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தப்பவில்லை.

பிற மாநிலங்களில் நிலை வேறு. அங்கே 15 ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனையில் தேறி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம். 2025 ஆகஸ்டில் வெளியான அறிவிக்கையின்படி 20 ஆண்டு கடந்த காருக்கு இதற்கான கட்டணம் 10 ஆயிரம் ரூபாய். இறக்குமதியான காருக்கு 80 ஆயிரம். தலைநகர்ப் பகுதிக்கு இது பொருந்தாது. ஆகவே காரைக் காப்பாற்ற நினைக்கும் தில்லி உரிமையாளர், ஆட்சேபமின்மைச் சான்று வாங்கி அதை வேறு மாநிலத்தில் பதிவு செய்துகொள்கிறார். சான்று வாங்க நேரமோ பணமோ இல்லாதவரின் கார் மாயாபுரிக்குப் போகிறது.