உடல் என்னும் நெசவு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ள சிற்றூர் மாகறல். சம்பந்தர் பாடிய சிவன் கோயிலால் பெயர் பெற்றது. எலும்பு நோயுற்றோர் அங்கு வந்து வேண்டிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வூர்ப் பக்கம் ஓர் உழவர் வீட்டில் நண்பகல் உணவுக்கு அமர்ந்திருந்தோம். வீட்டு அம்மையார், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்புச் சட்டியின் விளிம்பைத் துணி ஏதுமின்றி இடக்கையால் பற்றி நகர்த்தி வைத்தார். “அம்மாவுக்கு இரும்புக் கை, ஐயா” என்றார் மகன், பெருமிதத்தோடு. நமக்கோ நெஞ்சு திடுக்கிட்டது. அக்கையின் மணிக்கட்டுக்கு மேலே நிறம் வெளிறிய தேமல் ஒன்று தெரிந்தது.

சுடுவதை அறியாத கை வலிமையான கை அன்று. ஏன் என்பதை அறிய, நம் உடல் எவ்வாறு நெய்யப்பட்டுள்ளது என்பதைச் சற்றே காண வேண்டும்.

நெய்யப்பட்டது என்று கூறுவது வெறும் உவமை அன்று. ‘திசு’ என்னும் சொல்லுக்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லின் பொருளே அதுதான். பிஷா என்னும் பிரெஞ்சு மருத்துவர், 1800ஆம் ஆண்டையொட்டி, நுண்ணோக்கியின் துணையே இன்றி உடற்பகுதிகளை ஆராய்ந்து 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டினார். 1802இல் மறைந்தபோது அவருக்கு வயது 30தான். உடலுக்கு ஒரு நூல், கரைக்கு வேறொரு நூல் எனக் கோர்வையால் பிணைத்து நெய்யும் காஞ்சி நெசவாளருக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். இதயமாயினும் இரைப்பையாயினும் ஒரே நூலால் ஆனதன்று; பல நெசவுகள் கூடியே ஓர் உறுப்பு உருவாகிறது.

இன்றைய அறிவியல் அந்த நெசவுகளை நான்கு பெரும்பிரிவுகளில் அடக்குகிறது. உடலைப் போர்த்தியும், குடல், மூச்சுக்குழல் போன்றவற்றின் உட்புறத்தை மூடியும் நிற்பது எபிதீலியத் திசு. அடுப்படியில் தீய்ந்த தோலும் குடலின் உட்படலமும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் திறம் வாய்ந்தவை. குடற்படலம் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகிறது. தாங்குவதும் இணைப்பதும் இணைப்புத் திசுவின் பணி. எலும்பும் குருத்தெலும்பும் கொழுப்பும் இதில் அடங்கும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் இவ்வகையே. ஓடித்திரியும் குருதியையும் இதே குடும்பத்தில் சேர்த்திருப்பது பலருக்கு வியப்பளிக்கும். மூன்றாவதாகிய தசைத் திசு, நாம் விரும்பியபடி இயங்கும் கைகால்களிலும், நம்மைக் கேளாமலே இயங்கும் குடல் சுவரிலும், ஓய்வறியாத இதயத்திலும் வெவ்வேறு வடிவில் அமைந்துள்ளது. எஞ்சியது நரம்புத் திசு. மூளையிலும் தண்டுவடத்திலும் செறிந்திருந்து, அங்கிருந்து விரல்நுனி வரை நூலிழையாய்ப் படர்ந்து செல்கிறது.

அம்மையாரின் கையில் அறுந்துகொண்டிருந்தது இந்த நான்காவது இழையே. முழங்கையின் பின்புறம் எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ‘சுரீர்’ என்கிறதே, அந்த நரம்பை யாவரும் அறிவோம். நார்வே நாட்டின் ஹேன்சன் 1873இல் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, உடலின் குளிர்ந்த இடங்களை விரும்புவது. ஆகவே தோலையும், தோலை ஒட்டிச் செல்லும் இத்தகைய நரம்புகளையுமே அது நாடுகிறது. அது பெருகுவதும் மிக மெல்ல. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். வலியில்லை, காய்ச்சலில்லை, யார் மருத்துவரைத் தேடுவார்?

விரல்கள் அழுகி விழுவது தொழுநோயின் இயல்பு என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. அந்நம்பிக்கை தகர்ந்ததில் நம் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. மாகறல் ஒரு காலத்தில் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, திருமணியில், 1924இல் தொழுநோயாளர் இல்லம் ஒன்று எழுந்தது. 1955 முதல் அது மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்கிவருகிறது. கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், டாக்டர் காக்ரேனின் அழைப்பை ஏற்று இவ்வில்லத்தைக் காணச் சென்றார். மடங்கிப்போன விரல்களையுடைய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செயலற்றது என எண்ணிய கை அவர் கையை வலிக்க வலிக்க நெரித்துவிட்டது! முன்கைத் தசைகள் நலமாகவே இருந்தன. அழிந்தவை நரம்பும், அந்நரம்பை நம்பியிருந்த சிறு தசைகளுமே. 1948இல் அவர் நலமான தசையொன்றின் நாணை இடம் மாற்றிச் செயலிழந்த விரல்களோடு இணைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் குறைவதன் காரணத்தையும் அவர் தேடினார். துருப்பிடித்த பூட்டைத் திறக்கையில் எலும்பு வரை விரல் கிழிந்தும் ஒரு சிறுவன் அதை உணரவில்லை. உறங்குவோர் விரல்களை இரவில் எலிகள் கடித்ததும் தெரியவந்தது. நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. வலி என்னும் காவலன் இல்லாத வீட்டில் எலியும் திருடனே.

மாகறலுக்குத் திரும்புவோம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மையாருக்குத் தொழுநோய் என உறுதி செய்தனர். அன்றிரவே வீட்டில் அவருக்குத் தனித்தட்டு வைக்கப்பட்டது. ‘இரும்புக் கை’யைப் புகழ்ந்த அதே மகன்தான் அதை வைத்தவர். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. அறியாமையைவிட அச்சமே அங்கு மிகுந்திருந்தது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இன்று இலவசமாகக் கிடைக்கிறது என்றும், மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குப் பரவும் ஆற்றல் நின்றுவிடும் என்றும் சுகாதாரப் பணியாளர் விளக்கினார். விளக்கியதோடு நில்லாமல், அவ்வீட்டில் அமர்ந்து அம்மையார் பரிமாறிய சோற்றையும் உண்டார். தனித்தட்டு அன்றே பரணுக்கு ஏறியது.

அம்மையார் 12 மாதம் தவறாமல் மருந்துண்டார். கிருமி ஒழிந்தது, தேமல்களும் மங்கின. இடக்கையில் இறந்த நரம்புத் திசு மட்டும் திரும்பவில்லை. தோலைப்போல அது எளிதில் மீண்டும் முளைப்பதில்லை. சுண்டுவிரல் இன்னும் உணர்வின்றியே உள்ளது. நாள்தோறும் மாலையில் இரு கைகளையும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, காயம் உண்டா எனக் கண்ணால் தேடுகிறார். அடுப்பருகே ஆணியில், சட்டி பிடிக்க மடித்த பழந்துணி ஒன்று தொங்குகிறது. மாட்டிவைத்தவர் மகன்.