ஏறினால் மூச்சு, இறங்கினால் தொடை!

பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறுகிறது ஒரு மலைப்பாதை. ஏற்றம்தான் கஷ்டம், இறக்கம் சுகம் என்று நினைப்போம். ஆனால், மறுநாள் காலையில் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்கவைப்பது இறக்கம்தான்!

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்படுவது அப்போதுதான். ஓரிரு நாள்களில் வலி உச்சத்துக்குப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத்தில் ஓடிப் பழகினால், அடுத்த முறை அவ்வளவு வலிக்காது. பயிற்சியின் மகிமை அது.

உயரத்துக்கும் பங்கு உண்டு. கொடைக்கானலைப் போலவே 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் மெக்சிகோ சிட்டியில் 1968 ஒலிம்பிக் நடந்தது. மெல்லிய காற்றில் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலகை அசத்தினார். ஆனால் 10,000 மீட்டரில் உலக சாதனையாளர் ரான் கிளார்க், ஆக்சிஜன் போதாமல் ஆறாவதாக வந்து சுருண்டு விழுந்தார். 1,500 மீட்டர் தங்கமோ, கென்ய மலைநாட்டில் வளர்ந்த கிப் கெய்னோவுக்கு!

போலீஸ் தேர்வுக்காக மலைப்பாதையில் ஓடும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களா? இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக வைக்கச் சொல்லுங்கள். ஷூவின் முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். இல்லையென்றால் கால் நகம் கறுத்துவிடும். முதல் நாளே மலை முழுக்க ஓடி இறங்க வேண்டாம். தேர்வு நாளில் கால்கள் வேண்டுமே!