கடல் கடந்த கம்பனிகளும் நாட்டுச் சட்டமும்

முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்யும் மீனவருக்கு எல்லை என்பது யாதென எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்திய இழுவைப்படகுகள் எல்லை தாண்டி வந்து வலைகளை அறுத்துச் செல்லும்போது, சட்டம் இருந்தும் அது கைக்கெட்டாத வேதனையை அவர் நன்கறிவார். எனினும் கடற்படையினர் படகை மடக்கிவிட்டால் வழக்கு நடைபெறும். படகு அரசுடைமையாவதும் உண்டு. பிடிப்பதற்கு ஒரு பொருள் அங்கே கண்முன் இருக்கின்றது.

இணையத்தின் வழியே வரும் தீங்கிற்கு அத்தகைய படகு இல்லை. அதே ஊரில் ஒரு மாணவியின் படத்தைத் திரித்து எவனோ முகநூலில் இட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் பொலிஸ் நிலையம் செல்கின்றனர். இட்டவனோ போலிப் பெயரில் மறைந்திருக்கின்றான். அவன் யாரெனக் காட்டக்கூடிய பதிவுகள், கலிபோர்னியாவில் தலைமையகம் கொண்ட மெற்றா கம்பனியிடம் உள்ளன. முல்லைத்தீவு நீதவான் கட்டளை பிறப்பிக்கலாம். அதனை அங்கே நிறைவேற்ற இலங்கைப் பொலிசாருக்கு அதிகாரம் இல்லை. குற்றவியல் விடயங்களில் நாடுகள் பரஸ்பரம் உதவுவதற்கு 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இணையக் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையிலும் இலங்கை 2015இல் இணைந்தது. ஆனால் இவை பெரும்பாலும் அமைச்சுக்கு அமைச்சு கடிதம் செல்லும் பாதைகள். படமோ ஒரு மணி நேரத்தில் ஊரெங்கும் பரவிவிடும்.

2024 சனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளால் பாராளுமன்றத்தில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இலங்கைக்குள் இருப்பவரையும் வெளியே இருப்பவரையும் ஒருங்கே குற்றவாளியாக்க முனைந்தது. எழுத்தில் அது எளிது. ஒரு நாட்டின் தண்டப்பணத்தை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் அறவிட்டுத் தருவதில்லை என்பதே பொது வழக்கம். அதிலும் இங்கே குற்றமாகும் பேச்சு, அமெரிக்க அரசியலமைப்பின்படி உரிமையாக இருக்கலாம்.

எஞ்சுவது வாயிலை அடைப்பது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது முகநூலும் வைபரும் வட்சப்பும் சுமார் ஒரு வாரம் முடக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சு தணிந்ததோ இல்லையோ, கனடாவிலுள்ள மகனோடு வன்னித் தாய் பேசும் வழி அடைபட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். கலவரத்தில் தன் தளத்துக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020இல்.

செல்வந்த நாடுகளும் இடறியிருக்கின்றன. சிட்னித் தேவாலயக் கத்திக்குத்துக் காட்சியை உலகெங்கும் மறைக்கவேண்டுமென 2024இல் அவுஸ்திரேலிய அதிகாரி எக்ஸ் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு, இடைக்காலத் தடையை நீதிமன்றம் நீடிக்க மறுத்தபின் கைவிடப்பட்டது. பிரேசில் மட்டும் வென்றது. அங்கே சட்டப் பிரதிநிதி இல்லாதிருந்த அதே நிறுவனத்தை 2024 ஆகத்து இறுதியில் உச்ச நீதிமன்ற நீதிபதி முடக்கினார். தண்டம் செலுத்திப் பிரதிநிதியை நியமித்த பின்னரே ஒக்டோபரில் திறந்தார். ஆனால் பிரேசிலில் இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் உள்ளனர். இரண்டு கோடிச் சொச்சம் மக்களைக் கொண்ட இலங்கையின் சந்தையை இழக்க எந்தக் கம்பனி அவ்வளவு அஞ்சும்? அண்டை நாடுகளோடு சேர்ந்து பிரதிநிதியைக் கேட்டாலன்றி அந்தப் பலம் வாய்ப்பது அரிது.

அந்த மாணவியின் பெற்றோர் அதுவரை காத்திருக்க இயலாது. படத்தின் பிரதியையும், அது வெளிவந்த கணக்கின் முகவரியையும், திகதியையும் நேரத்தையும் முதலில் பதிந்துவைத்தல் வேண்டும். பின்னர் அன்றே கம்பனியிடமும் பொலிசிடமும் முறையிடவேண்டும். பிள்ளை பதினெட்டு வயதிற்குக் குறைந்தவராயின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.