சாலையும் விசையும் – 9: பின்னச்சுக்கு எது தகும்?

மலேசியாவில் 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா தொடங்கி, அதன்பின் நாட்டுச் சாலைகளை நிரப்பிய உள்நாட்டுக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. ஆகவே பின்சக்கர இயக்கத்தை விரும்புவோர் டொயோட்டா கொரோல்லா கேஇ70, நிஸ்ஸான் செஃபிரோ ஏ31, நிஸ்ஸான் சில்வியா போன்ற பழைய ஜப்பானியக் கார்களையே நாடி வந்துள்ளனர். இவற்றின் எஞ்சினை மாற்றித் திறனைக் கூட்டுவதற்கு மலேசியப் பட்டறைகளில் வழிவழியாகக் கைக்கொள்ளப்படுவது 'ஹாஃப்-கட்' முறையாகும். ஜப்பானில் கழிக்கப்பட்ட காரை நடுவில் அறுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் அடங்கிய முன்பாதியை இறக்குமதி செய்து, அதிலுள்ள உறுப்புகளை இங்குள்ள காரில் பொருத்துவதே அதன் செயல்முறை. முன்பாதி மட்டுமே வந்து சேர்வதால், புதிய எஞ்சினுக்கு ஈடாக அதே காரில் அமைந்திருந்த பின்னச்சு கடல் கடந்து வருவதில்லை. இரு மடங்கு முறுக்குவிசை தரும் எஞ்சினோடு முப்பது ஆண்டு பழைய பின்னச்சு இணைக்கப்படுகிறது. பின் டிஃபரன்ஷியலை மாற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அத்தேவையை ஜொகூர் மாநிலத்தின் சூழலில் வைத்து ஆராய்வதற்கு ஒரு காரணம் உண்டு. பாசிர் கூடாங்கில் 1986-இல் திறக்கப்பட்டு, 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் மலேசியப் பந்தயத்தையே நடத்திய ஜொகூர் ஓடுதளம் இன்று இயங்கவில்லை. ஜொகூர் பாருவில் உள்ள ஒருவர் காரை ஓடுதளத்தில் ஓட்ட விரும்பினால், 1999-இல் திறக்கப்பட்ட சிப்பாங்கிற்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்ய வேண்டும். ஆகவே இங்கு திறன் கூட்டப்படும் கார், பந்தயக் கருவியாக இருப்பதைவிட, ஸ்கூடாய் நெரிசலில் ஊர்வதும் அந்திமழையில் நனைந்த சாலையில் வீடு திரும்புவதுமான தெருக்காராகவே தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. டிஃபரன்ஷியலைத் தேர்ந்தெடுப்பவர் எஞ்சினின் குதிரைத்திறனுக்கு முன்பாக இந்த உண்மையைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முறுக்குவிசையும் பிடிப்பும்

டிஃபரன்ஷியல் என்பது இரண்டு பணிகளைச் செய்யும் பற்சக்கரத் தொகுதி. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நுனியிலுள்ள பினியன் எனும் சிறிய பற்சக்கரம், கிரவுன் வீல் எனும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்போது, சுழற்சியின் திசை மாறுவதோடு வேகம் குறைந்து முறுக்குவிசை பெருகுகிறது, இது முதற்பணி. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நீண்ட தொலைவு செல்ல வேண்டியிருப்பதால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தருவது இரண்டாம் பணி. முதற்பணியைச் சார்ந்தது வலு. இரண்டாம் பணியைச் சார்ந்தது ஓட்டும் தன்மை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பொருள் வாங்குவதே பல தவறான தேர்வுகளுக்கு அடிப்படையாகிறது.

வலுவைப் பொறுத்தவரை, பின்னச்சின் பற்களைச் சோதிப்பது குதிரைத்திறனைவிட முறுக்குவிசையே. சில்வியாவின் எஸ்ஆர்20டிஇடி எஞ்சின் ஏறத்தாழ 274 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. முதல் கியரின் விகிதமான 3.321-ஆலும், இறுதி விகிதமான 4.083-ஆலும் அது பெருகும்போது, பின்னச்சை அடையக்கூடிய முறுக்குவிசை சுமார் 3,700 நியூட்டன் மீட்டராகிறது. எஞ்சின் 400 நியூட்டன் மீட்டருக்கு உயர்த்தப்பட்டால் அதே கணக்கு 5,400-ஐத் தாண்டும். ஆனால் இந்த விசை முழுவதையும் டயரால் சாலைக்குக் கடத்த இயலாது. பின்னச்சின்மீது 650 கிலோ எடை இறங்கி, காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு 1 என இருந்தால், 31 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த ஆரமுள்ள டயர்கள் தாங்கக்கூடியது சுமார் 2,000 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேற்பட்டால் அவை வழுக்கிவிடும். அதாவது, சீராக ஓட்டும் வரையில், டிஃபரன்ஷியலின்மீது விழும் சுமைக்கு டயரின் பிடிப்பே எல்லை வகுக்கிறது.

பற்கள் உடைவது பெரும்பாலும் இந்த எல்லை திடீரென மீறப்படும் தருணத்தில்தான். எஞ்சினை உயர்ந்த சுழற்சியில் வைத்துக் கிளட்ச்சைச் சட்டென விடும்போதும், வழுக்கிச் சுழலும் சக்கரம் மீண்டும் சாலையைப் பற்றும்போதும், தேய்ந்த ரப்பர் புஷ்களின் காரணமாகப் பின்னச்சு துள்ளும்போதும், சுழலும் உறுப்புகளில் தேங்கிய ஆற்றல் முழுவதும் கணநேர அதிர்ச்சியாகப் பினியனின் ஓரிரு பற்களில் இறங்குகிறது. ஆகவே அகலமான, ஒட்டும் தன்மை மிகுந்த டயர்களைப் பொருத்துபவர் டிஃபரன்ஷியலின் சுமையையும் கூட்டுகிறார் என்பதையும், தேய்ந்த புஷ்களை மாற்றுபவர் புதிய டிஃபரன்ஷியல் வாங்காமலேயே பழையதன் ஆயுளை நீட்டிக்கிறார் என்பதையும் உணர்ந்திருத்தல் வேண்டும்.

அளவும் விகிதமும்

நிஸ்ஸான் தொகுதிகளின் பெயரே அவற்றின் அளவைச் சொல்கிறது: ஆர்180-இன் கிரவுன் வீல் 180 மில்லிமீட்டர் விட்டமும், ஆர்200-இனுடையது 200 மில்லிமீட்டரும், 300இசட்எக்ஸ் இரட்டை டர்போவில் இடம்பெற்ற ஆர்230-இனுடையது 230 மில்லிமீட்டரும் கொண்டவை. விட்டம் கூடினால் அதே முறுக்குவிசைக்குப் பல்லின்மீது விழும் விசை குறைவதோடு, பல்லின் பருமனும் கூடுகிறது. நல்ல நிலையிலுள்ள ஆர்200, தெருவில் ஓடும் டர்போ காருக்குப் பெரும்பாலும் போதுமானது. கேஇ70-இன் நிலை வேறு. 1.3 லிட்டர் 4கே எஞ்சினுக்கென அமைந்த அதன் பின்னச்சு, 20 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினின் 160 குதிரைத்திறனுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. எனவே அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏஇ86-இன் பின்னச்சை முழுமையாக மாற்றிப் பொருத்துவது தேர்ந்த வழியாகக் கருதப்படுகிறது. எந்தக் காராயினும், கிரவுன் வீலின் வலு கூடும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும், சக்கரத்தை இயக்கும் அரையச்சுகளும் அடுத்த பலவீன இடமாகிவிடுவதால், மூன்றையும் ஒரே தொகுதியாகக் கருதியே திட்டமிட வேண்டும்.

இறுதி விகிதம் என்பது கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுக்கக் கிடைக்கும் எண். 48 பற்களும் 11 பற்களும் சேர்ந்தால் 4.363, 49-உம் 12-உம் சேர்ந்தால் 4.083, 48-உம் 13-உம் சேர்ந்தால் 3.692. எண் கூடினால் முடுக்கம் கூடும், குறைந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓடும். 205/55 ஆர்16 டயரும் 0.76 விகிதமுள்ள ஐந்தாம் கியரும் கொண்ட கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, 4.363 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 3,060 முறையும், 4.083-இல் 2,860 முறையும், 3.692-இல் 2,590 முறையும் சுழலும். திறன் கூட்டப்பட்ட டர்போ எஞ்சினுக்கு முதல் கியரிலேயே தேவைக்கு மிஞ்சிய முறுக்குவிசை இருப்பதால், அதற்கு உயர்ந்த எண் தேவைப்படுவதில்லை, மேலும் 3.692 தொகுதியின் பினியன் 13 பற்கள் கொண்டு பருத்திருப்பதால் வலுவிலும் அதுவே மேம்பட்டது. இயல்பான மூச்சில் ஓடும் 4ஏ-ஜிஇ போன்ற சிறிய எஞ்சினுக்கோ, ஏஇ86-இல் இருந்த 4.3 விகிதமே பொருந்தும்.

விகிதத்தை மாற்றுவோர் வேகமானியை மறந்துவிடலாகாது. கியர்பாக்ஸின் பின்முனைச் சுழற்சியைக் கொண்டு வேகத்தைக் காட்டும் காரில், 4.083-க்குப் பதிலாக 3.692-ஐப் பொருத்தியபின் முள் 110-ஐக் காட்டும்போது கார் உண்மையில் ஏறத்தாழ 122 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். நெடுஞ்சாலையின் உச்ச வரம்பே 110 என்பதால், ஓட்டுநர் தம்மை அறியாமலேயே சட்டத்தை மீறியவராகிறார்.

மழைச்சாலையில் எது உகந்தது?

சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே பகிர்வதால், ஒரு சக்கரம் ஈரத்தில் 300 நியூட்டன் மீட்டர் மட்டுமே தாங்குமானால், மற்றச் சக்கரத்திற்கும் அதே 300-தான் கிடைக்கும். மிஞ்சிய விசை வழுக்கும் சக்கரத்தை வீணே சுழற்றும். இக்குறையைப் போக்க எழுந்ததே வழுக்கலை வரம்புக்குள் நிறுத்தும் டிஃபரன்ஷியல். பட்டறை வழக்கில் எல்எஸ்டி. 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் சக்கரங்கள் மிகுந்த திறனால் வழுக்கியதை அடக்க ஃபெர்டினாண்ட் போர்ஷே நாடிய இத்தீர்வு, பின்னர் பல வடிவங்களை எடுத்தது.

சிலிக்கோன் திரவத்தில் மூழ்கிய தட்டுகளைக் கொண்ட விஸ்கஸ் வகை மென்மையானது; ஆனால் வழுக்கல் தொடங்கிய பின்னரே அது பிடிக்கத் தொடங்கும், ஆண்டுகள் செல்லச் செல்லத் திரவத்தின் தன்மையும் கெடும். முப்பதாண்டு பழைய தொகுதியில் அது பெயரளவிலேயே எஞ்சியிருக்கக்கூடும். டோர்சன் உள்ளிட்ட ஹெலிக்கல் வகையில், சாய்வான பற்சக்கரங்கள் சுமை ஏறும்போது தாமே உராய்ந்து, பிடிப்புள்ள சக்கரத்திற்கு விசையை மடைமாற்றுகின்றன. அதன் பகிர்வு விகிதம் 2.5 என இருந்தால், ஒரு சக்கரம் 300 தாங்கும்போது மற்றது 750 வரை பெறும். மொத்தம் 600 என்பது 1,050 ஆக உயரும். ஒரு சக்கரம் முற்றிலும் அந்தரத்தில் தூக்கப்பட்டால் பெருக்குவதற்கு எதுவுமின்றிப் போவது இதன் குறை. கிளட்ச் தட்டு வகை, தொடக்கத்திலேயே ஓர் அழுத்தத்தைத் தாங்கியிருப்பதால் அந்நிலையிலும் இயங்கும். முடுக்கும்போது மட்டும் பூட்டுவது 1-வே, முடுக்கும்போதும் வேகம் குறைக்கும்போதும் ஒரே அளவில் பூட்டுவது 2-வே, வேகம் குறைக்கும்போது சற்றே தளர்ந்து பூட்டுவது 1.5-வே எனப்படும்.

ஜொகூரின் சாலைக்கு எது தகும் என்பதை மழையே தீர்மானிக்கிறது. மாலை இடிமழையும், நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழையும் சாலையில் நீரைத் தேக்கும் ஊரில், கடுமையாகப் பூட்டும் 2-வே டிஃபரன்ஷியல் இரு பின்சக்கரங்களையும் ஒரே நேரத்தில் வழுக்கச் செய்யக்கூடும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வீணே சுழன்றாலும் மற்றது காரின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தாங்கி நிற்கும். அந்தத் தாங்கல் 2-வே வகையில் நொடியில் மறைகிறது. மாடிக் கார் நிறுத்துமிடத்தின் இறுகிய திருப்பத்தில் தட்டுகள் 'டக் டக்' என அதிர்வதும், உட்புற டயர் கிறீச்சிட்டு இழுபடுவதும் அதே பூட்டலின் விளைவுகளே. டிரிஃப்ட் பயிற்சிக்கெனப் பற்களை ஒன்றாக வெல்டிங் செய்யும் வழக்கமோ, ஒவ்வொரு வளைவிலும் அரையச்சை முறுக்கி, பற்றவைத்த இடம் உடைந்தால் ஓடும்போதே சக்கரத்தைப் பூட்டக்கூடியது. பொதுச்சாலையில் அதற்கு இடமே இல்லை.

பொருத்துபவரின் கை

எவ்வளவு உயர்ந்த தொகுதியும் அதைப் பொருத்துபவரின் துல்லியத்தைப் பொறுத்தே நிலைக்கும். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள இடைவெளி பெரும்பாலான தொகுதிகளில் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரையே அனுமதிக்கப்படுகிறது. அதை டயல் கேஜ் கொண்டு அளந்து, பற்களில் வண்ணப் பசை பூசிச் சுழற்றி, தொடுதடம் பல்லின் நடுவில் விழுகிறதா எனப் பார்த்து, மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்ய வேண்டும். பினியன் மையத்திற்குக் கீழே அமைந்து பற்கள் ஒன்றன்மீது ஒன்று சறுக்கி இயங்குவதால், ஜிஎல்-5 தர எண்ணெய் இன்றியமையாதது. கிளட்ச் தட்டு வகைக்கு அதற்கென வகுத்த எண்ணெயே ஊற்றப்பட வேண்டும். பழைய தொகுதியை வாங்குமுன் வடிகால் திருகின் காந்தத்தைப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்: சாம்பல் நிறப் பசை இயல்பானது, உலோகச் சில்லுகள் பற்கள் உடையத் தொடங்கியதன் அறிகுறி.

சட்டத்தின் பக்கத்தையும் புறக்கணிக்கலாகாது. எஞ்சின் மாற்றம் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியோடும் உரிய பரிசோதனையோடும் பதிவு செய்யப்பட வேண்டும். செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவிக்க வேண்டும். பதிவில் இல்லாத எஞ்சினோடு ஓடும் கார் விபத்துக்குள்ளானால், இழப்பீடு கிடைக்காமல் போகும் இடர் உரிமையாளரின் தலைமேல் நிற்கிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் தீர்ப்பு தெளிவானது. ஜொகூரில் அன்றாடம் ஓடும் டர்போ காருக்கு, பற்கள் தேயாத ஆர்200 நிகர்த்த தொகுதியும், 3.7-க்கும் 4.1-க்கும் இடைப்பட்ட விகிதமும், ஹெலிக்கல் எல்எஸ்டியுமே உகந்தவை. மாதந்தோறும் சிப்பாங் செல்வோர் தொடக்க அழுத்தம் குறைந்த 1.5-வே வகையை எண்ணிப் பார்க்கலாம். 2-வே ஓடுதளத்திற்கு மட்டுமே உரியது. திறனைக் கூட்ட விரும்பும் ஒவ்வொருவரும் எஞ்சினுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பின்னச்சு, டயர், புஷ், பிரேக் ஆகியவற்றுக்கென முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்க இயலாதவர், அது இயலும் வரை எஞ்சினை மாற்றாதிருப்பதே தமக்கும் அதே சாலையில் செல்லும் பிறருக்கும் செய்யும் நன்மையாகும்.

(தொடரும்)