பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுங்கள்

திருநெல்வேலி போகிற பஸ் பனவடலிசத்திரத்தை விட்டுக் கிளம்பி 6 நிமிடம் ஆகிவிட்டது. சீட்டில் பையை மறந்துவிட்டு இறங்கியவர், தெரிந்தவரின் பைக்கில் ஏறி விரட்டுகிறார். பஸ் மணிக்கு 40 கிலோமீட்டர், பைக் 60. எங்கே பிடிப்பார்?

வகுப்பில் இதற்கு உடனே எக்ஸ் போட்டுவிடுவார்கள். விடை வரும், என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பாருங்கள். பஸ் நகரவே இல்லை. 4 கிலோமீட்டர் பின்னாலிருந்து பைக் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. அதாவது 3 நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆக 12 நிமிடம், 12 கிலோமீட்டர். வழியில் வரும் மானூர் வரை போக வேண்டியதில்லை.

புத்தகத்து பஸ்தான் எங்கும் நிற்காது. நம் பஸ் வழியில் ஆளேற்ற 2 நிமிடம் நின்றால்? மிச்சம் 2 நிமிடம் என்பார்கள். இல்லை, 4! நின்ற நேரத்தில் பஸ் இழந்தது ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் கிலோமீட்டர். 3 நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம், அதைக் குறைக்க பைக்குக்கு 4 நிமிடம் ஆகியிருக்கும். பை 8ஆவது கிலோமீட்டரிலேயே கைக்கு வந்துவிடும்.

எதிரெதிரே வந்தால் வேகங்களைக் கூட்டு, ஒரே திசை என்றால் கழி, இடைவெளியை அதனால் வகு. கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபடீயத்தின் கணிதபாதத்திலேயே இந்த விதி இருக்கிறது. வானில் ஒன்றையொன்று துரத்தும் கோள்களைக் கணக்கிடுகிறவருக்கு இது இல்லாமல் முடியாது.

நிலா நாளுக்குச் சுமார் 13.18 பாகை நகர்கிறது, சூரியன் 0.99. வித்தியாசம் 12.19. வட்டத்தின் 360 பாகையை அதனால் வகுத்தால் 29.53 நாள்: பௌர்ணமிக்குப் பௌர்ணமி.

சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழா உத்திராடத்தில் வருகிறது. ஆடிப் பௌர்ணமியை ஒட்டிய நட்சத்திரம் அது. அன்று கிளம்பும் நிலா 27.3 நாளில் மறுபடி உத்திராடத்துக்கு வந்துவிடும். ஆனால் பௌர்ணமி வராது. அதற்குள் சூரியன் 27 பாகை தள்ளிப் போயிருக்கும். அந்த 27ஐ 12.19ஆல் வகுத்துப் பாருங்கள்: இன்னும் 2.2 நாள் விரட்ட வேண்டும்.