களை எடுத்தே காப்பாற்றிய குதிரை

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் முழுக்கத் தேடினாலும் ஒயிட் ஹார்ஸ் ஹில்லை விட உயரமான இடம் கிடையாது. அந்த உயரம் எவ்வளவு தெரியுமா? 261 மீட்டர். மலைன்னு சொல்லவே கொஞ்சம் கூச்சமா இருக்கும், பெரிய குன்று அவ்வளவுதான். ஸ்விண்டனிலிருந்து காரில் போனால் அதிக தூரம் இல்லை. கார் பார்க்கில் வண்டியை விட்டுவிட்டு, செம்மறி ஆடுகள் மேயும் புல்வெளி வழியே மெதுவாக ஏறினால் உச்சி வந்துவிடும். காற்று மட்டும் ஆளைத் தள்ளும், ஜூலை மாதம் போனாலும் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, சரிவில் இருக்கிறது அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. நீளம் சுமார் 110 மீட்டர். புல்லையும் மண்ணையும் வெட்டியெடுத்து, உள்ளே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைத் துண்டுகளை இடித்து நிரப்பிய சில வளைகோடுகள்தான் மொத்தக் குதிரையும். நாலு காலில் இரண்டு உடம்போடு ஒட்டாமல் தனியாக நிற்கும். தலையில் ஒரு புள்ளி, அதுதான் கண். பார்த்தால் யாரோ நவீன ஓவியர் நாலு இழுப்பில் முடித்த மாதிரி இருக்கும். ஆனால் வயது ஏறக்குறைய 3000 வருஷம்.

பக்கத்தில் போய் நின்றால் குதிரை தெரியாது. ஒரு வெள்ளைப் பாதை வளைந்து போவது மட்டும் தெரியும். முழுசாகப் பார்க்க எதிரே பள்ளத்தாக்கில் பல கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும், இல்லையென்றால் விமானத்திலிருந்து பார்க்க வேண்டும்.

சரி, 3000 வருஷம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கல்வெட்டு கிடையாது. சுண்ணாம்புப் பாறையை வெட்டிய தேதியைக் கார்பன் முறையில் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் ரொம்ப காலம் ஊகம்தான் ஓடியது. 871-இல் டேனியர்களை வென்றதன் நினைவாக ஆல்ஃபிரட் மன்னர் தரப்பு வெட்டியது என்று 18ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். இரும்புக்கால நாணயங்களில் இருக்கும் குதிரைகளின் சாயல் இருப்பதால் அந்தக் காலம் என்றார்கள் வேறு சிலர்.

1990-களில்தான் விடை கிடைத்தது. அகழாய்வில் குதிரையின் கோடுகள் மேலோட்டமாகச் சுரண்டியவை அல்ல, ஒரு மீட்டர் ஆழம் வரை வெட்டிய பள்ளங்கள் என்று தெரிந்தது. அந்தப் பள்ளத்தின் அடியில் புதைந்திருந்த மண்ணை எடுத்து, ஒளித்தூண்டல் முறையில் சோதித்தார்கள். இந்த முறை எளிமையானதுதான். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகளை ஒரு பேட்டரி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் அதன் சார்ஜ் மொத்தமும் இறங்கிப் பூஜ்யமாகிவிடும். இருட்டில் புதைந்துவிட்டால், சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தால் வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆய்வகத்தில் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு சார்ஜ் வெளியே வருகிறது என்று அளந்தால், அந்தத் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்பது தெரியும். கிடைத்த விடை கி.மு. 1380-க்கும் 550-க்கும் இடையில். ஆல்ஃபிரட் பிறப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முன்னால்!

எனக்கு உண்மையான ஆச்சரியம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. கல்லில் கட்டிய ஸ்டோன்ஹெஞ்சை யாரும் கவனிக்காமல் விட்டாலும் அது அங்கேயே நிற்கும். இந்தக் குதிரை அப்படி இல்லை. ஓரத்திலிருந்து புல் உள்ளே வரும், மேலிருந்து மழையில் மண் இறங்கும். ஒரு தலைமுறைக் காலம் கண்டுகொள்ளாமல் விட்டால் குதிரை காலி. இருபது வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்தார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, இதுவரை குறைந்தது 150 தடவை யாராவது வந்து களை எடுத்திருக்க வேண்டும். நடுவில் ரோமானியர்கள் வந்தார்கள், போனார்கள். சாக்ஸன்கள் வந்தார்கள். மதம் மாறியது, மொழி மாறியது, ராஜாக்கள் மாறினார்கள். இந்த வேலை மட்டும் நிற்கவில்லை.

இத்தனைக்கும் குதிரை எதற்கு என்பது எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. குளிர்காலத்தின் நடுவில் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், சூரியன் குதிரையின் பின்னால் எழுந்து அதை முந்திப் போவது போலத் தெரியும், ஆகவே இது சூரியனை இழுக்கும் குதிரையாக இருக்கலாம் என்று ஜோஷுவா பொல்லார்ட் என்ற தொல்லியலாளர் 2017-இல் எழுதினார். நல்ல ஊகம். ஆனால் நடுவில் வந்த தலைமுறைகளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். கீழே இருக்கும் தட்டையான டிராகன் ஹில்லில் செயின்ட் ஜார்ஜ் டிராகனைக் கொன்றாராம், ரத்தம் சிந்திய இடத்தில் இன்றும் புல் முளைப்பதில்லையாம்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே புரியும். இருபது வருஷம் முன்னால் யாரோ எழுதிய கோடு. எழுதியவர் இல்லை, டாக்குமென்ட் இல்லை, எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் யாரோ ஒருத்தர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் ஓடுகிறது. எழுதியவருக்குக் கிடைக்கும் பெயர் பார்த்துக்கொள்பவருக்குக் கிடைக்காது.

களை எடுப்பதை ஊர்க்காரர்கள் திருவிழாவாகவே ஆக்கிவிட்டார்கள். சுத்தம் செய்து முடித்ததும் குன்றின்மேல் சந்தை, மல்யுத்தம், பந்தயம், சரிவில் சீஸ் உருட்டுவது என்று ஒரே கொண்டாட்டம். 1857-இல் நடந்த விழாவை வைத்து, அஃபிங்டனிலேயே பிறந்த தாமஸ் ஹியூஸ் ஒரு புத்தகமே எழுதினார். இரண்டாம் உலகப் போரில் நிலைமை தலைகீழ். ஜெர்மன் விமானிகள் வழி கண்டுபிடிக்க அடையாளமாகிவிடக் கூடாது என்று புல்கட்டிகளையும் வேலிச் செடித் தழைகளையும் போட்டுக் குதிரையை மூடினார்கள். போர் முடிந்ததும் மறுபடி திறந்தார்கள்.

இப்போது நேஷனல் டிரஸ்ட் கோடைகாலத்தில் தன்னார்வலர்களை அழைத்து இதைச் செய்கிறது. நானும் ஒரு தடவை போனேன். கையில் ஒரு சுத்தியலைக் கொடுப்பார்கள், பக்கத்தில் ஒரு வாளி சுண்ணாம்புப் பாறைத் துண்டு. மண்டியிட்டு உட்கார்ந்து களையைப் பிடுங்கி, துண்டுகளைப் பரப்பி, மாவு மாதிரி ஆகும்வரை இடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முட்டி வலிக்கும். நான் இடித்தது காலா, வாலா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. வேலை செய்கிற யாருக்கும் குதிரை தெரிவதில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு, கான்கிரீட் போட்டால் முடிந்ததே என்று தோன்றலாம். வில்ட்ஷயரில் வெஸ்ட்பரி குதிரைக்கு 1950-களில் அப்படித்தான் கான்கிரீட் போட்டு வெள்ளை அடித்தார்கள். கான்கிரீட்டும் அழுக்காகிச் சாம்பல் நிறமாகிறது, அதையும் அவ்வப்போது கழுவ வேண்டியிருக்கிறது. பராமரிப்பிலிருந்து தப்பிக்க வழி இல்லை.

வருஷாவருஷம் அக்கறையோடு செய்தாலும் சின்னச் சின்ன மாற்றம் சேர்ந்துகொண்டே போகும் என்பதும் உண்மை. அஃபிங்டன் குதிரையின் தலையும் கழுத்தும் பல வருஷங்களில் ஒல்லியாகிவிட்டதைப் பழைய வான்படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, 2024-இல் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிட்டே இருந்து இடிப்பவர்களோடு, எப்போதாவது எட்ட நின்று பார்ப்பவரும் வேண்டும்.

அந்தப் பக்கம் போனால் மேலே இருக்கும் இரும்புக்காலக் கோட்டை மேட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ரிட்ஜ்வே பாதையில் இரண்டு கிலோமீட்டர் சுமார் நடந்து வேலண்ட்ஸ் ஸ்மிதி என்ற கற்காலக் கல்லறையையும் பாருங்கள். குதிரையின்மேல் கால் வைக்காதீர்கள். சுத்தியல் பிடிக்கும் நாளாக இருந்தால் மட்டும் தாராளமாக உட்காருங்கள். அடுத்த இருபது வருஷம் நம் பங்கு.